கோடையில் கொல்லைக் கத்திரி

வீட்டுக் கொல்லையில் நான்கு கத்திரிச் செடியேனும் இல்லாத குடியானவர் வீட்டைக் காண்பது அரிது. ஆயினும் பங்குனி பிறந்து வெயில் ஏறத் தொடங்கியதும் அச்செடிகளைச் சென்று பார்ப்போமாயின் மனம் வருந்தவே செய்யும். பூக்கள் உதிர்ந்து கிடக்கும்; நுனிகள் வாடித் தொங்கும்; தப்பிய காய்களிலும் பல புழுக் குடைந்தவையாக இருக்கும். “வெயிலுக்கு நாம் என்ன செய்ய முடியும்?” என்று வீட்டார் கையை விரித்து விடுகின்றனர். வெயிலின்மீது சுமத்தப்படும் இப்பழியில் ஒரு பகுதியே உண்மை. எஞ்சிய பகுதிக்குக் காரணம் புழு. அதுவும் பெரும்பாலும் அடுத்த வீட்டிலிருந்து வந்த புழு. ஆதலின் கொல்லைக் கத்திரியைக் காப்பதில் வீட்டாருக்குள்ள பொறுப்பு ஊராட்சி உறுப்பினர்களுக்கும் உண்டு.

முதலில் வெயிலைப் பற்றிப் பார்ப்போம். கத்திரி வெப்ப நாட்டுப் பயிரே. வெயிலுக்குப் பெயர்போன வேலூர் மாவட்டத்தில் விளையும் இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய்க்கு 2023ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு வழங்கப்பெற்றது. எனினும் எந்தச் செடிக்கும் ஓர் எல்லை உண்டு. 20 முதல் 30 டிகிரி செல்சியஸ் வரையுள்ள வெப்பத்தில் செழிக்கும் கத்திரி, 35 டிகிரியைக் கடந்ததும் பூவைக் காயாக்க இயலாமல் தடுமாறுகிறது. மகரந்தம் வலுவிழந்து போகிறது.

கத்திரிப் பூவை ஒருமுறை கையில் எடுத்து உற்று நோக்குவது நல்லது. நடுவில் மஞ்சள் நிற மகரந்தப் பைகள் கூம்புபோல் கூடி நிற்கும். அக்கூம்பின் நுனியைத் தாண்டி, அல்லது அதற்குச் சமமாக, பச்சையான ஒரு சிறு முனை தெரியுமாயின் அது காய்க்கும் பூ. அம்முனை கூம்புக்குள்ளேயே குட்டையாக அடங்கியிருந்தால் அப்பூ உதிரும். எவ்வளவு நீர் விட்டாலும் உதிரும். வெயில் கடுமையிலும் ஊட்டக் குறைவிலும் இத்தகைய குட்டை முனைப் பூக்கள் மிகுதியாகின்றன. ஆகவே கத்திரி வெயிலில் சிறிது பூ உதிர்ப்பது நோயன்று. உதிர்வதைக் கண்டவுடன் மருந்துக் கடைக்கு ஓடுவது வீண் செலவு. வெயிலின் உச்சத்திற்கு முன்பே செடி வேரூன்றிக் காய்க்கத் தொடங்கும்படி பருவம் பார்த்து நடுவதே தக்க வழி.

மார்கழி இறுதியிலோ தை தொடக்கத்திலோ விதைத்து, 30 நாள் நாற்றை மாசியில் நட்டால், பங்குனி இறுதி முதல் காய் பறிக்கலாம். அக்கினி நட்சத்திரம் வரும்போது செடி நன்கு வேர்பிடித்திருக்கும். அக்காலத்தில் காய்ப்புக் குறைந்தாலும் செடி மடியாது. வைகாசியில் விதைத்து ஆனியில் நடுவது மற்றொரு பருவம். பங்குனியில் நாற்றை நட்டுவிட்டுச் சித்திரையில் செடியைக் குறை கூறுவதில் நியாயமில்லை.

ஐந்து பேர் கொண்ட குடும்பத்திற்குப் பன்னிரண்டு செடிகள் போதும். ஏக்கர் கணக்கில் பயிரிடுவோர் நல்ல விளைச்சலில் செடிக்கு ஏறக்குறைய ஒரு கிலோ எடுக்கின்றனர். கொல்லைச் செடிகளும் அவ்வளவு தந்தால், மூன்று மாத காலம் வாரம் இருமுறை குழம்புக்கு ஆகும். அதற்கு ஒரு கிராம் விதையே அதிகம். நாற்றங்காலை அரை அடி உயர்த்தி மேட்டுப்பாத்தியாக அமைத்து, விதையை நெருக்கமின்றி வரிசையாகத் தூவினால் நாற்றழுகல் வராது. நடும் இடத்தில் சென்ற பருவத்தில் தக்காளி, மிளகாய், கத்திரி ஆகியவை இருந்திருக்கலாகாது. செடிக்குச் செடி இரண்டு அடி இடைவெளி விட்டு, குழிக்கு இரண்டு கை மக்கிய தொழுவுரமும் ஒரு கை வேப்பம் பிண்ணாக்கும் இட்டு, மாலை வேளையில் நடுக.

பாத்தியின் மேற்குப் புறம் அகத்தியை நெருக்கமாக விதைத்து வைத்தால், பிற்பகல் வெயில் செடியின்மேல் நேரே விழாது. கீரையும் கிடைக்கும், ஆட்டுக்குத் தழையும் கிடைக்கும். ஆனால் மரநிழலில் நாள் முழுதும் அடங்கிய கத்திரி இலை மட்டுமே விடும் என்பதை மறக்கலாகாது. கோடையில் அதிகாலையில் நீர் விடுவதே நன்று. ஒருநாள் வெள்ளமாக விட்டு மூன்று நாள் காயவிடுவது பூ உதிர்வை அதிகமாக்கும். செடியைச் சுற்றி நான்கு விரற்கடை கனத்திற்குக் கரும்புச் சோகை, நிலக்கடலைத் தோல், காய்ந்த சருகு ஆகியவற்றில் கிடைத்ததைப் பரப்பினால் ஈரம் நிலைக்கும். அரிசி, காய்கறி கழுவிய நீர் கத்திரிக்கு உகந்தது. துணி துவைத்த சோப்புத்தூள் நீர் ஆகாது.

இனிப் புழுவைப் பற்றி. கத்திரிச் செடியின் இளங்குருத்து காலை வேளையிலேயே தலை சாய்ந்து வாடியிருந்தால், அது நீர்க்குறையால் அன்று. அக்குருத்தைக் கிள்ளிப் பிளந்து பார்த்தால் உள்ளே இளஞ்சிவப்பு நிறப் புழு ஒன்று இருக்கும். இதுவே குருத்தையும் காயையும் துளைக்கும் புழு. வெண்ணிறச் சிறகில் பழுப்புப் புள்ளிகளுடைய சிறு அந்துப்பூச்சி இரவில் பறந்து வந்து இலையின் அடியிலும் குருத்திலும் மொட்டிலும் முட்டையிடுகிறது. முட்டையினின்று வெளிவந்த புழு சில மணி நேரத்திற்குள் தண்டுக்குள் புகுந்துவிடுகிறது. காய் பிடித்த பின்னரோ, காயின் தலையில் குல்லாய்போல் கவிந்திருக்கும் பச்சைப் பகுதியின் அடியே நுழைகிறது.

உள்ளே புகுந்த புழுவை வெளியே தெளிக்கும் மருந்து எட்டுவதில்லை. பலர் இதை உணராமல், பருத்திக்கு வாங்கி எஞ்சிய நஞ்சைக் கொல்லைச் செடிக்கும் தெளித்துவிட்டு, இரண்டாம் நாளே காயைப் பறித்துக் குழந்தைகளுக்குச் சமைத்துப் போடுகின்றனர். இதைக் கண்ணால் கண்ட பிறகே இக்கட்டுரையை எழுத முற்பட்டேன். மோனோகுரோட்டோபாஸ் என்னும் நஞ்சைக் காய்கறிப் பயிர்களில் பயன்படுத்தலாகாது என்று 2005ஆம் ஆண்டிலேயே நம் நாட்டில் தடை விதிக்கப்பட்டது. புழுத்த காயை வெட்டி எறிந்துவிடலாம். நஞ்சூறிய காயை அடையாளம் காண வழியேது?

வீட்டுத் தோட்டத்தில் இப்புழுவுக்கு ஏற்ற ஆயுதம் கைவிரலே. வாடிய குருத்தை, வாட்டம் தெரியும் இடத்திற்கு ஓர் அங்குலம் கீழே கிள்ளி எடுக்கவேண்டும்; துளைபட்ட காயையும் உடன் பறிக்கவேண்டும். வாரம் இருமுறை, பன்னிரண்டு செடிக்கும் கால் மணி நேரம் போதும். கிள்ளியதை வேலியோரம் எறிந்தால் செய்த வேலை வீணாகும்; புழு அதிலிருந்தே வளர்ந்து அந்துப்பூச்சியாகிவிடும். தீயிலிடுக; அல்லது ஒரு அடி ஆழத்தில் புதைத்திடுக. கிள்ளிய இடத்தின் கீழே பக்கக் கிளைகள் வெடிப்பதால் செடிக்கு நட்டமில்லை.

இத்துடன் வேப்பங்கொட்டைச் சாறு தெளிக்கலாம். ஓடு நீக்கிய பருப்பு 50 கிராமை இடித்து ஒரு லிட்டர் நீரில் இரவு முழுதும் ஊறவைத்து, துணியில் வடிகட்டி, சிறிது சோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் தெளிக்கவேண்டும். இலையின் அடிப்புறம் நனைய வேண்டுவது முக்கியம். முட்டையிட வரும் பூச்சியை இது தடுக்கும். வயலில் பயிரிடுவோர் ஏக்கருக்கு 5 இனக்கவர்ச்சிப் பொறிகளும் வைக்கலாம்.

ஏனைய பூச்சிகளைச் சுருங்கக் கூறுவோம். இலையை வலைபோல் சுரண்டும் புள்ளி வண்டின் மஞ்சள் முட்டைக் கூட்டங்கள் இலையடியில் இருக்கும், நசுக்கிவிடுக. இலைகள் சிறுத்துக் கொத்தாகி, செடி பூக்காமல் நின்றால் அது தத்துப்பூச்சி பரப்பும் சிற்றிலை நோய். அதற்கு மருந்தில்லை, செடியைப் பிடுங்கி எரிப்பதே வழி.

காய் பளபளப்பாக இருக்கும்போதே, நான்கைந்து நாளுக்கு ஒருமுறை பறிக்கவேண்டும். கத்திரிக்காய் முற்றினால் கடைத்தெருவுக்கு வரும் என்பது பழமொழி. கொல்லையிலோ முற்றிய காய் அடுத்த பூவைத்தான் கெடுக்கும். நாட்டு இரகமாயின் நல்ல செடியில் ஒரே ஒரு காயை விதைக்கென மஞ்சளாகும் வரை விடலாம். வீரிய ஒட்டு இரகத்தில் விதை எடுத்தால் தாய்ச்செடியின் குணம் வாராது.

ஒரு சிற்றூரில் ஒரு மூதாட்டி தவறாது குருத்துக் கிள்ளியும் புழு ஓயவில்லை என்று என்னிடம் முறையிட்டார். சுற்றிப் பார்த்தபோது, பக்கத்து வீட்டுச் சுவரோரம் அப்போதுதான் பிடுங்கிய கத்திரிமார் அடுப்பெரிக்கக் குவிந்திருந்தது. அத்தண்டுகளிலும் சருகுகளிலும் ஒட்டியிருக்கும் கூட்டுப்புழுக்கள் சில நாட்களில் அந்துப்பூச்சியாகி, வேலியைத் தாண்டிப் பசுஞ்செடியைத் தேடிச் செல்லும். ஒவ்வொரு பெண் பூச்சியும் நூற்றுக்கு மேல் முட்டையிட வல்லது. மூதாட்டியின் கை ஒரு தெருவுக்கு ஈடு கொடுக்குமா?

ஊராட்சி உறுப்பினர்கள் செய்யத்தக்க காரியங்கள் இரண்டு உள்ளன. பயிர் முடிந்ததும் கத்திரிமாரை அடுக்கி வைக்காமல் உடனே எரித்துவிடவேண்டும் என்று கிராம சபையில் எடுத்துரைத்து, தெருதோறும் வாரத்தில் ஒரே நாளில் குருத்துக் கிள்ளச் செய்யலாம். மகளிர் சுய உதவிக் குழுவினர் இதை எளிதில் முன்நின்று நடத்துவர். மற்றொன்று, ஆனி, ஆடியில் சாலையோர வேம்புகளின் அடியில் மிதிபட்டுப் போகும் பழங்களைப் பொறுக்கி, சதையை நீக்கி, கொட்டையை நிழலில் உலர்த்திச் சாக்கில் சேமிப்பது. மூன்று மாதம் கழித்து அக்கொட்டை சாறெடுக்கப் பக்குவமாகும். பத்து மாதத்திற்கு மேல் வைத்தால் வீரியம் குன்றும். ஆடியில் சேர்த்தது தையில் விதைத்த செடிக்குச் சரியாக உதவும்.