அந்நியனும் உடன்பிறந்தானும்

சகோதரத்துவம் என்னும் சொல் மேடைதோறும் ஒலிக்கின்றது. ஆனால் அச்சொல்லின் எல்லை யாது என்று வினவினால் விடை எளிதில் வருவதில்லை. ஒரு வயிற்றிற் பிறந்தோர் உடன்பிறந்தார் ஆவர். ஒரே நெறியைத் தழுவியோரும் அவ்வாறே அழைக்கப்படுகின்றனர். நேற்று வந்து சேர்ந்தவன் யார்? அவன் உடன்பிறந்தானா, விருந்தாளியா, அன்றி என்றைக்கும் அந்நியனே தானா? இவ்வினாவை யூத மக்கள் தம் மறைநூலாகிய தோராவை முன்வைத்து இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக ஆராய்ந்து வந்துள்ளனர். அவ்வாராய்ச்சியில் நமக்குப் பயன்படுவன பல உள. பிற சமயத்தார் நூலைப் பௌத்தர் ஏன் படித்தல் வேண்டும் என்று உபாசகர் சிலர் கேட்கக்கூடும். பிறர் சமயத்தின் அறவுரைகளையும் செவிமடுத்துக் கேளுங்கள் என்னும் கருத்தைத் தருமராசனாகிய அசோகன் தன் பன்னிரண்டாம் பாறைக் கல்வெட்டிலே பொறித்து வைத்துள்ளான். நமக்கு அது போதும்.

தோரா என்பது ஆதியாகமம் முதல் உபாகமம் ஈறாகவுள்ள ஐந்து நூல்களாம். தமிழ் விவிலியத்தில் அந்நியன் என்றும் பரதேசி என்றும் நாம் காணும் இடங்கள் பலவற்றில் எபிரேய மூலத்தில் நிற்கும் சொல் ‘கேர்’ என்பது. வழிப்போக்கனாய் வந்து போகும் வேற்று நாட்டானுக்கு ‘நோக்ரி’ என்னும் வேறு சொல் உண்டு. கேர் என்பவன் தன் ஊரையும் உறவையும் விட்டு வந்து, பிறிதொரு மக்களிடையே குடியமர்ந்து, அவர்களோடு வாழ்பவன். இஸ்ரவேலர் நாட்டில் நிலம் குலவாரியாகப் பங்கிடப்பட்டது என்பர். குலமில்லாத கேருக்கு நிலமில்லை. நிலமில்லாதவன் கூலிக்கே உழைத்தல் வேண்டும். ஆகவேதான் அறுவடைக் காலத்தில் வயலின் ஓரத்தை அறுக்காமல் விடுக, சிந்திய கதிரைப் பொறுக்காமல் விடுக, அவை எளியவனுக்கும் அந்நியனுக்கும் உரியன என்னும் கட்டளை எழுந்தது. கூலியாளின் கூலியை, அவன் உன் சகோதரன் ஆயினும் அந்நியன் ஆயினும், அன்று பொழுது சாயுமுன் கொடுத்துவிடுக என்பது உபாகமத்தின் இருபத்துநான்காம் அதிகாரத்திற் காணும் விதி. கூலிநாளை எண்ணி எண்ணிக் காத்திருந்தவர்களுக்கு இவ்விதியின் அருமையை விளக்க வேண்டியதில்லை.

பிறனைத் தன்னைப்போல் நேசித்தல் வேண்டும் என்னும் கட்டளை லேவியராகமம் பத்தொன்பதாம் அதிகாரத்தில் பதினெட்டாம் வசனத்தில் உள்ளது. இதனை உலகமே அறியும். அதே அதிகாரத்தில் முப்பத்துநான்காம் வசனத்தில், அந்நியனையும் அவ்வாறே தன்னைப்போல் நேசித்தல் வேண்டும் என்று மீண்டும் வருவதைப் பலரும் அறியார். முன்னதற்கு இல்லாத ஒரு காரணம் பின்னதற்குக் கூறப்படுகின்றது. எகிப்து நாட்டில் நீங்களும் அந்நியராய் இருந்தீர்கள் என்பதே அது. இக்காரணம் யாத்திராகமத்தில் இருமுறை வருகின்றது. உபாகமத்திலும் வருகின்றது. அந்நியன் பொருட்டு முப்பத்தாறு இடங்களில் தோரா எச்சரித்துள்ளது என்று ரபி எலியேசர் கணக்கிட்டதாகவும், நாற்பத்தாறு என்று வேறு சிலர் கூறியதாகவும் தல்மூத் என்னும் பெருநூல் உரைக்கின்றது. எண்ணிக்கை எதுவாயினும் ஆகுக. ஒரு கட்டளையை இத்தனை முறை கூற வேண்டியிருந்தது எனின், அதனை மீறுவோர் எத்துணைப் பேர் இருந்திருத்தல் வேண்டும்!

உரையாசிரியர்கள் இக்காரணத்தைப் பலவாறு விரித்துள்ளனர். ரபி நாத்தான் என்பவர், உன்னிடமுள்ள குறையையே பிறன்மீது சுமத்தாதே என்று இதற்குப் பொருள் கொண்டார். பிரான்சு நாட்டின் திருவா நகரில் வாழ்ந்த ராஷி என்னும் பேருரையாளர் (1040-1105) இப்பொருளையே எடுத்தாண்டார். நீ அவனை வந்தேறி என்று பழித்தால், நீயும் வந்தேறிகளின் வழித்தோன்றலே என்று அவன் திருப்பிச் சொல்ல மாட்டானா? ஸ்பெயின் நாட்டு நகமானிதிஸ் (1194-1270) இன்னும் ஆழமாகச் சென்றார். அந்நியனுக்கு ஆதரவாக வருவார் யாருமில்லை என்று நினைத்தே மனிதன் அவனை ஒடுக்குகின்றான். ஆனால் எகிப்திலே உங்களுக்கும் யாருமில்லை என்றுதான் உங்கள் ஆண்டைமார் நினைத்தனர். அவர்கள் நினைப்பு பொய்த்ததை நீங்களே கண்டீர்கள் என்பது அவர் கருத்தின் சாரம். மேலும், நடுங்கும் உள்ளம் எத்தகையது என்பதை நீங்கள் அனுபவித்து அறிந்தவர்கள் அல்லிரோ என்றும் அவர் சுட்டுகின்றார்.

பகவன் புத்தர் இவ்வறத்திற்குக் கூறிய காரணம் வேறு. அடிபடுதலை எல்லாரும் அஞ்சுகின்றனர். ஆதலின் தன்னையே உவமையாக வைத்துப் பார்த்துப் பிறரை வருத்தாதிருத்தல் வேண்டும் என்றார். இதற்கு வரலாறு வேண்டுவதில்லை. தன் உடம்பு ஒன்றே போதும். தோராவோ ஒரு மக்கள் கூட்டத்தின் நினைவைச் சான்றாக அழைக்கின்றது. நினைவு வலிமை மிக்கதுதான். எனினும் அஃது இருபுறமும் வெட்டும் கத்தி. ஆலையின் வாசலில் ஆண்டுக்கணக்காகப் பதிலியாய்க் காத்துக் கிடந்தவன், நிரந்தரம் ஆன மறுவாரமே புதிய பதிலியைப் பெயர் சொல்லி அழையாமல் ‘டேய் பதிலி’ என்று விளிப்பதை நாம் பலகால் கண்டிருக்கின்றோம். பட்ட துன்பம் சிலரை இரக்கமுடையவர் ஆக்கும். சிலருக்கோ, நான் பட்டேன், நீயும் படு என்று சொல்லவே அது கற்பிக்கும். தோரா முப்பத்தாறு முறை எச்சரித்ததன் காரணம் இதுவே என்று நாம் கருதுகின்றோம்.

வியப்புக்குரிய மற்றொரு விதியும் உண்டு. எகிப்தியனை வெறுக்காதே, அவன் நாட்டில் நீ அந்நியனாய் வாழ்ந்தாய் என்று உபாகமம் கூறுகின்றது. ஆண் மகவுகளை ஆற்றில் எறியச் செய்த நாடு என்று தோராவே கூறும் நாட்டினனை அன்றோ வெறுக்காதே என்கின்றது!

இனி, சகோதரத்துவத்தின் எல்லை பற்றி இரு அறிஞர்களுக்கிடையே நிகழ்ந்த கருத்து வேறுபாட்டைக் காண்போம். பொது ஆண்டு இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்த ரபி அக்கிபா, பிறனைத் தன்னைப்போல் நேசித்தலே தோராவின் பெருவிதி என்றார். பென் அசாய் என்பவரோ, ஆதாமின் வம்ச வரலாறு என்று தொடங்கும் ஆதியாகமத்தின் ஐந்தாம் அதிகாரத்து முதல் வசனமே அதனினும் பெரிது என்றார். ஒரு பெயர்ப்பட்டியலின் தலைப்பில் என்ன பெருமை என்று தோன்றலாம். தன்னைப்போல் என்னும் அளவுகோல் தன்னையே இழிவாய் எண்ணுபவன் கையில் குறுகிப் போகும். மனிதர் அனைவரும் ஒரே மூலத்தினர் என்னும் அளவுகோலோ குறுகாது. என் தந்தை உன் தந்தையினும் உயர்ந்தவர் என்று ஒருவனும் சொல்லாதிருத்தற்பொருட்டே மனிதன் ஒருவனாகப் படைக்கப்பட்டான் என்று, 200ஆம் ஆண்டளவில் தொகுக்கப்பெற்ற மிஷ்னா நூலும் விளக்குகின்றது. படைப்புக் கொள்கையை நாம் ஏற்பதில்லை. ஆயினும் வாசெட்ட சூத்திரத்தில் பகவன் உரைத்த முடிவும் இதுவேயாம். புல்லுக்கும் புழுவுக்கும் பறவைக்கும் இனவேறுபாட்டின் அடையாளம் உடம்பிலேயே உண்டு, மனிதர்க்கு அவ்வாறு இல்லை என்பது அவர் வாதம்.

இவ்வளவும் கூறியபின் தோராவின் குறையை மறைப்பது நேர்மையாகாது. கடனுக்கு வட்டி வாங்காதே என்னும் விதி சகோதரனுக்கு மட்டும் உரியது, நோக்ரியிடம் வாங்கலாம். பிற இனத்தாரை அடிமைகளாக வைத்துக் கொள்ளவும் லேவியராகமம் இடந்தருகின்றது. காலப்போக்கில் கேர் என்னும் சொல்லையே, யூத நெறியைத் தழுவி வந்தவன் என்று ரபிமார்கள் பல இடங்களில் குறுக்கிப் பொருள் கொண்டனர். பிறன் என்னும் சொல் யூதனை மட்டுமே குறிக்குமா என்னும் வழக்கு 1888-இல் ஜெர்மனியின் மார்பர்க் நகர நீதிமன்றத்திற்கே வந்தது. தத்துவப் பேராசிரியர் ஹெர்மன் கோஹன் கருத்துரை வழங்குமாறு அழைக்கப்பட்டார். அந்நியனைப் பற்றிய கட்டளைகளையே அவர் தம் வாதத்திற்குச் சான்றாக்கினார்.

சொல் குறுகியது வருந்தத்தக்கதே. ஆனால் அக்குறுகிய இடத்திலும் ரபிமார்கள் ஓர் அரிய சட்டத்தை வளர்த்தனர். பொருளில் வஞ்சிப்பது போலவே சொல்லால் வருத்துவதும் குற்றம் என்று மிஷ்னா விதிக்கின்றது. மனந்திருந்தியவனிடம் அவனுடைய பழைய செயல்களை நினைவூட்டலாகாது. நெறி மாறி வந்தவர்களின் மகனிடம், உன் முன்னோர் என்ன செய்தார்கள் தெரியுமா என்று கேட்டலாகாது. சொல்லால் வருத்துதல் பொருளில் வஞ்சித்தலினும் கொடியது என்பது தல்மூதின் முடிவு. பறித்த பொருளைத் திருப்பிக் கொடுக்கலாம், சொன்ன சொல்லைத் திருப்ப இயலாது என்று அதற்குக் காரணமும் காட்டப்படுகின்றது.

இச்சட்டம் உயிர்பெற்று எழுந்த இடம் ஒரு கடிதம். எகிப்தில் வாழ்ந்த மாபெரும் அறிஞர் மைமோனிதிஸ் (1138-1204) அவர்களுக்கு ஒபதியா என்பவர் ஓர் ஐயத்தை எழுதினார். ஒபதியா பிறப்பால் யூதர் அல்லர், நெறியை ஏற்று வந்தவர். வழிபாட்டில் எங்கள் முன்னோரின் இறைவனே என்று சொல்ல வேண்டியிருக்கின்றதே, என் முன்னோர் வேறு ஆயிற்றே, நான் அதைச் சொல்லலாமா என்பது அவர் வினா. இதற்கு எதிரான ஒரு பழைய விதி மிஷ்னாவிலேயே இருந்தது. நெறி மாறி வந்தவன் எங்கள் முன்னோர் என்று கூறாமல் இஸ்ரவேலின் முன்னோர் என்று கூறுக என்பது அவ்விதி. மைமோனிதிஸ் அதனை ஏற்கவில்லை. எல்லாவற்றையும் மற்றவர் சொல்வது போலவே சொல்லுக, ஒன்றையும் மாற்றற்க என்று விடை எழுதினார். ஆபிரகாமே முதலில் நெறி மாறி வந்தவர். அவர் வழியை ஏற்போர் யாவரும் அவர் வீட்டார். உமக்கும் எமக்கும் யாதொரு வேறுபாடும் இல்லை. உம்முடைய வம்சத்தை நீர் இழிவாய் எண்ண வேண்டா என்பன அவ்விடையின் கருத்துகள்.

அதே ஒபதியாவை அவருடைய ஆசிரியர் ஒரு வாதத்தில் மூடன் என்று ஏசிவிட்டார். இதனைக் கேள்வியுற்ற மைமோனிதிஸ், அவ்வாசிரியர் மாணவரிடமே மன்னிப்புக் கேட்டல் வேண்டும், நோன்பிருந்து வருந்துதலும் வேண்டும் என்று எழுதினார். பெற்றோரை மதித்து அஞ்சுக என்றும், தீர்க்கதரிசிக்குச் செவிசாய்க்க என்றும் தோரா கட்டளையிடுகின்றது. மனத்தில் அன்பின்றியும் மதிக்கலாம், அஞ்சலாம். அந்நியன் திறத்திலோ உள்ளத்து அன்பையே கட்டளையிடுகின்றது என்று அவர் பிரித்துக் காட்டியது நம் உள்ளத்தை மிகவும் கவர்ந்தது.

இக்கடிதத்தை நாம் ஏன் இவ்வளவு விரித்தோம் என்பதை வாசகர் உணர்ந்திருப்பர். 1956 அக்டோபர் 14-ஆம் நாள் நாகபுரியில் டாக்டர் அம்பேத்கர் அவர்களோடு இலட்சக்கணக்கானோர் திரிசரணம் ஏற்றனர். அவர்களுடைய பேரன்மாரும் கொள்ளுப்பேரன்மாரும் இன்றும் ‘நவபௌத்தர்’ என்றே எழுதப்படுகின்றனர், பேசப்படுகின்றனர். எத்தனை தலைமுறை சென்றால் ‘நவ’ என்பது உதிரும்? வெளியார் அவ்வாறு கூறுவது ஒருபுறம் இருக்க, நம் விகாரைகளின் வாசலிலேயே புதியவரிடம் ‘சொந்த ஊர் எது?’ என்று தொடங்கி, ‘ஊரில் எந்தப் பக்கம்?’ என்று முடிக்கும் விசாரணை நடைபெறவில்லையா? முன்னோர் செயலைக் கேட்காதே என்னும் மிஷ்னாவின் விதி இவ்விரண்டாம் கேள்வியைத்தான் தடுக்கின்றது. பகவனோ சாக்கிய இளவரசர்களுக்கு முன்பாக அவர்களுடைய நாவிதனாகிய உபாலிக்குத் துறவளித்து, இளவரசர்கள் அவனை வணங்குமாறு செய்தார். அவர் பெயரால் இலங்கையில் நடந்ததும் நாம் அறிந்ததே. 1753-இல் சீயத்திலிருந்து மீண்டும் கொணரப்பட்ட உபசம்பதையைச் சியாம் நிக்காயத்தார் பின்னர் உயர்சாதியினர்க்கே உரியதாக்கினர். மறுக்கப்பட்டோர் பர்மாவுக்குச் சென்று உபசம்பதை பெற்று, 1803-இல் திரும்பி, அமரபுர நிக்காயத்தை நிறுவ வேண்டியதாயிற்று.

யூதரிடத்தும் விதி ஒருபுறமும் நடைமுறை மறுபுறமுமாய் நின்றதற்குச் சான்று நம் நாட்டிலேயே உள்ளது. கொச்சியை அடுத்த மட்டாஞ்சேரியில் 1568-இல் கட்டப்பெற்ற யூத ஆலயத்திற்குப் பரதேசி ஆலயம் என்பது பெயர். ஸ்பெயின் முதலிய நாடுகளிலிருந்து துரத்தப்பட்டும் பிழைப்புத் தேடியும் வந்த யூதர்களைக் கொச்சி மன்னர் தம் அரண்மனையின் அருகிலேயே குடியமர்த்தினார். ஊரார் அவர்களைப் பரதேசிகள் என்றனர். அதாவது, தோராவின் கேர் என்னும் சொல்லுக்கு நாம் கண்ட அதே தமிழ்ச்சொல்லே அவர்களுக்குப் பெயராயிற்று. அப்பெயரைத் தம் ஆலயத்தின்மீதே தாங்கிய அவர்கள், நெடுங்காலமாக மலையாள நாட்டில் வாழ்ந்த யூதர்களோடு மணவுறவு கொள்ள மறுத்தனர். தம் வீட்டில் அடிமைகளாயிருந்து நெறியை ஏற்று விடுதலை பெற்றோரின் வழித்தோன்றல்களை ஆலயத்தின் இருக்கைகளில் அமர விடவில்லை. அவர்கள் முன்கூடத்தில் தரையிலே அமர்ந்தனர். தோராச் சுருளை வாசிக்க அவர்கள் அழைக்கப்படவுமில்லை.

இவ்வழக்குப் பதினாறாம் நூற்றாண்டிலேயே கடல் கடந்து சென்றிருந்தது. கொச்சியிலிருந்து எழுந்த வினாவிற்குக் கெய்ரோ நகரத்து ரபி தாவீது இப்னு சிம்ரா, முறைப்படி நெறியை ஏற்ற பின்னர் அவர்கள் முழு யூதரே, மணவுறவும் கொள்ளலாம் என்று தீர்ப்பளித்தார். அலெக்சாந்திரியாவின் ரபி யாக்கோபு காஸ்திரோவும் பின்னர் அதனை வழிமொழிந்தார். தீர்ப்பு ஏட்டில் இருந்தது. மக்கள் தரையில் இருந்தனர்.

விடுதலை பெற்ற அத்தகைய குடும்பமொன்றில் 1882-இல் பிறந்த ஆபிரகாம் பாரக் சேலம், சென்னையில் சட்டம் பயின்று வழக்கறிஞர் ஆனார். கொச்சிச் சட்டமன்றத்தில் உறுப்பினராய் அமர்ந்தவருக்குத் தம் ஆலயத்தில் அமர இருக்கை இல்லை. அவர் வேறு ஆலயம் கட்டவில்லை, நெறியை விட்டு விலகவுமில்லை. காந்தியடிகளின் சத்தியாக்கிரக முறையைக் கைக்கொண்டு, அதே ஆலயத்தினுள் தம் மக்களுக்குரிய இடத்தைக் கேட்டு ஆண்டுக்கணக்காகப் போராடினார். தடைகள் ஒவ்வொன்றாக நீங்கின; இருக்கையும் கிடைத்தது, தோரா வாசிக்கும் அழைப்பும் வந்தது. 1948-இல் இஸ்ரேல் நாடு தோன்றியபின் கொச்சி யூதருள் மிகப் பலர் அங்குக் குடிபெயர்ந்தனர். சேலம் மட்டாஞ்சேரியிலேயே தங்கி 1967-இல் மறைந்தார். கெய்ரோவின் தீர்ப்பு முன்கூடத்திலிருந்து உள்ளே வந்து சேர ஏறத்தாழ நானூறு ஆண்டுகள் ஆயின.