சர்க்கரை இல்லாத சாக்லேட் பார்: ஓவனா, ஃப்ரிட்ஜா?

வீட்டில் ஒருவருக்குச் சுகர் வந்துவிட்டால் முதலில் நிற்பது இனிப்புதான். பிள்ளைகளுக்குப் பிரவுனி செய்தால் பெரியவர் தட்டைத் தள்ளிவைக்க வேண்டியிருக்கிறது. அவரை நினைத்துச் செய்யாமல் விட்டால் பிள்ளைகள் ஏங்குகிறார்கள். சென்னையில் உள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் ஐ.சி.எம்.ஆரும் சேர்ந்து நடத்திய ஆய்வு 2023இல் வெளியானது. நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய் இருப்பதாக அது கணக்கிட்டது. ஆகவே, எல்லாரும் ஒரே தட்டிலிருந்து எடுத்துச் சாப்பிடும்படி ஒரு சாக்லேட் பார் வேண்டும் என்று நினைப்பது ஆடம்பர ஆசை அல்ல. வீட்டிலேயே செய்ய முடியும். சிக்கல் கடை அலமாரியின் முன்னால்தான் தொடங்குகிறது. ஸ்டீவியா, எரித்ரிட்டால், மாங்க் ஃப்ரூட், பாதாம் மாவு, தேங்காய் மாவு, டார்க் சாக்லேட் என்று வரிசையாக நிற்கும்போது எதை எடுப்பது?

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எல்லாவற்றுக்கும் ஏற்ற இனிப்பூட்டி என்று ஒன்று இல்லை. ஓவனில் சுடப்போகிறீர்களா, ஃப்ரிட்ஜில் இறுக வைக்கப்போகிறீர்களா என்பதை முதலில் தீர்மானியுங்கள். மற்றதெல்லாம் அதைப் பொறுத்தே அமையும்.

அதற்கும் முன்னால் சில பொருள்களை ஒதுக்கிவிட வேண்டும். ‘ஹெல்தி பிரவுனி’ என்ற பெயரில் பேரீச்சம்பழம், வெல்லம், கருப்பட்டி, தேன், கேழ்வரகு எல்லாம் போட்டுச் செய்கிறார்கள். சுவையில் குறை சொல்வதற்கில்லை. ஆனால் 100 கிராம் பேரீச்சம்பழத்தில் 60 கிராமுக்கு மேல் சர்க்கரைதான். வெல்லமும் கருப்பட்டியும் பெரும்பகுதி சுக்ரோஸ்; கொஞ்சம் தாதுச்சத்து கூட இருப்பதால் ரத்தச் சர்க்கரை ஏறாமல் இருந்துவிடாது. கேழ்வரகில் நார்ச்சத்தும் கால்சியமும் உண்டு, கூழுக்கும் களிக்கும் அதைவிட நல்ல தானியம் எனக்குத் தெரியாது. ஆனாலும் 100 கிராமில் ஏறத்தாழ 70 கிராம் மாவுச்சத்து. அந்தக் கணக்கில் மைதாவுக்குப் பக்கத்தில்தான் நிற்கிறது. உறையில் இருக்கும் சொற்களையும் பிரித்துப் பார்க்க வேண்டும். ‘சுகர் ஃப்ரீ’ என்று அச்சடிக்க, 100 கிராமில் அரை கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கக் கூடாது என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. ‘நோ ஆடட் சுகர்’ என்பதற்கு அந்தப் பொருள் கிடையாது. பேரீச்சம்பழ பாரும் அந்தப் பெயரில் வரலாம்.

இனி முதல் கேள்விக்கு வருவோம். சாதாரண பிரவுனியில் சர்க்கரை இனிப்புக்காக மட்டும் இல்லை. 8 அங்குலச் சதுர டின்னுக்கு 200 கிராம் சர்க்கரை போடுகிறோம் என்றால், அது அந்தக் கலவையின் உடம்பில் ஒரு பெரிய பங்கு. ஈரத்தைப் பிடித்துவைப்பது, மெத்தென்று ஆக்குவது, மேலே மினுமினுக்கும் மெல்லிய தோலைத் தருவது எல்லாம் அதன் வேலை. அந்த இடத்தில் ஒரு சிட்டிகை ஸ்டீவியாவைப் போட்டால் இனிப்பு வரும், உடம்பு வராது. பார் வறண்டு உதிரும். ஓவனுக்கு வேண்டியது சர்க்கரையைப் போல அளவும் எடையும் உள்ள இனிப்பூட்டி. ஃப்ரிட்ஜில் இறுகும் பாருக்கு உடம்பைத் தருவது கடலையும் கொழுப்பும்தான். அங்கே சிட்டிகை ஸ்டீவியாவே போதும்.

ஓவனுக்கு என்றால் போட்டி நான்கு பேருக்குள்.

எரித்ரிட்டால் இப்போது எளிதாகக் கிடைக்கிறது. இனிப்பு சர்க்கரையில் 70 சதவீதம். கலோரி கிட்டத்தட்ட இல்லை. ரத்தச் சர்க்கரையை ஏற்றுவதில்லை. பெரும்பகுதி சிறுகுடலிலேயே உறிஞ்சப்பட்டுச் சிறுநீரில் வெளியேறிவிடுவதால் வயிற்றைக் கலக்குவதும் குறைவு. குறை என்னவென்றால், ஆறியதும் மறுபடி படிகமாகிவிடும். பல்லில் நறநறக்கும், நாக்கில் கற்பூரம் பட்டதுபோல் ஒரு குளிர்ச்சி நிற்கும். அப்படியே போடாமல் மிக்ஸியில் மாவாக அரைத்து, சூடான வெண்ணெயில் கரைய விட்டால் இந்தத் தொல்லை பாதி தீரும். அளவைக் குறைத்து, விட்டுப்போன இனிப்புக்கு ஒரு சிட்டிகை ஸ்டீவியா சேர்த்தால் மீதியும் பெரிதாகத் தெரியாது.

ஆல்லுலோஸ் சுவையிலும் பதத்திலும் இவற்றுள் முதலிடம். அத்தியிலும் உலர்திராட்சையிலும் மிகச் சிறிய அளவில் இருக்கும் ஒரு சர்க்கரை அது. உடல் அதைச் சக்தியாக மாற்றுவதில்லை என்பதால் கிராமுக்கு 0.4 கலோரிதான். உறையில் ‘மொத்தச் சர்க்கரை’ வரியிலிருந்து அதை விட்டுவிடலாம் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2019இல் சொன்னது. இது படிகமாவதில்லை; ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்தாலும் பார் மெத்தென்றே இருக்கும். சீக்கிரம் சிவந்துவிடும் என்பதால் ஓவன் சூட்டைப் 10, 15 டிகிரி குறைத்துக்கொள்ள வேண்டும். அமெரிக்காவில் இருப்பவர்கள் யோசிக்காமல் இதையே எடுக்கலாம். நம் ஊர் மளிகைக் கடையில் எதிர்பார்க்க முடியாது, விலையும் கையைக் கடிக்கும்.

சைலிட்டால் சர்க்கரைக்குச் சமமான இனிப்பு, கிராமுக்கு 2.4 கலோரி. வீட்டில் நாய் இருந்தால் வாங்கவே வேண்டாம். சிறு அளவு தின்றாலும் நாயின் ரத்தச் சர்க்கரை சரிந்து உயிருக்கே ஆபத்தாகும்.

மால்ட்டிட்டாலை நான் எந்த வகையிலும் பரிந்துரைக்க மாட்டேன். கடையில் விற்கும் சர்க்கரையில்லாச் சாக்லேட்டுகள் பலவற்றில் இருப்பது இதுதான். சர்க்கரைபோலவே நடந்துகொள்ளும், அதனால் தயாரிப்பாளர்களுக்குப் பிடிக்கும். ஆனால் இதன் கிளைசீமிக் இண்டெக்ஸ் 35க்குப் பக்கம். சிரப் வடிவத்தில் 50 வரை போகும். சர்க்கரைக்கு 65. ‘சுகர் ஃப்ரீ’ என்று நம்பி நாலு துண்டு சாப்பிட்டவருக்குச் சர்க்கரையும் ஏறும், வயிறும் போகும்.

எரித்ரிட்டால் பற்றி இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ரத்தத்தில் அதன் அளவு அதிகம் இருந்தவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் அதிகம் வந்ததாக, கிளீவ்லேண்ட் கிளினிக் ஆய்வாளர்கள் 2023இல் ‘நேச்சர் மெடிசின்’ இதழில் எழுதினார்கள். அடுத்த ஆண்டு சைலிட்டாலுக்கும் அதே போன்ற முடிவைச் சொன்னார்கள். நம் உடலே கொஞ்சம் எரித்ரிட்டாலை உற்பத்தி செய்கிறது. ஆகவே எது காரணம், எது விளைவு என்பது இன்னும் உறுதியாகவில்லை. என்றாலும் இதய நோய் உள்ளவருக்குச் செய்யும்போது துணிந்து கிண்ணம் கிண்ணமாகப் போட எனக்கு மனம் வராது. அவருக்கு ஃப்ரிட்ஜ் பார்தான்.

ஃப்ரிட்ஜ் பாருக்கு ஸ்டீவியா போதும் என்றேன். சர்க்கரையைவிட 200 முதல் 300 மடங்கு இனிப்பு. இந்தியாவில் 2015இல் உணவுப் பொருள்களுக்கு அனுமதி கிடைத்தது. அளவு மிஞ்சினால் கசக்கும். சாக்லேட்டின் கசப்போடு அந்தக் கசப்பு கலந்துவிடுவதால், பாயசத்தில் காட்டிக்கொடுப்பது போல இங்கே காட்டிக்கொடுக்காது. மாங்க் ஃப்ரூட் தென்சீனத்துப் பழச்சாறு, நல்ல சுவை. ஆனால் அந்தப் பெயரில் விற்கும் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். சேர்மானங்களை எடை அதிகமானதிலிருந்து வரிசைப்படுத்த வேண்டும் என்பது விதி. பெரும்பாலும் முதலில் நிற்பது எரித்ரிட்டால்தான். சுக்ரலோஸை ஓவனுக்குக் கொண்டுபோக வேண்டாம். 120 டிகிரிக்கு மேல் சூடாக்கும்போது தீங்கான குளோரின் சேர்மங்கள் உருவாகலாம் என்று ஜெர்மனியின் இடர் மதிப்பீட்டு நிறுவனம் 2019இல் எச்சரித்தது. தூளாக வரும் சுக்ரலோஸில் பெரும்பாலும் மால்ட்டோடெக்ஸ்ட்ரின் கலந்திருக்கும், அது சர்க்கரையை வேகமாக ஏற்றும் மாவுச்சத்து. அஸ்பார்ட்டேம் சூட்டில் இனிப்பையே இழந்துவிடும்.

மாவில் அவ்வளவு சிக்கல் இல்லை. 100 கிராம் பாதாமில் நார்ச்சத்தைக் கழித்தால் 10 கிராம் அளவுக்கே மாவுச்சத்து. மைதாவில் 70ஐத் தாண்டும். பாதாம் மாவைக் கடையில் வாங்காமல், பருப்பை வெந்நீரில் போட்டுத் தோலுரித்து, நன்றாகக் காயவிட்டு, மிக்ஸியில் விட்டு விட்டு அரைக்கலாம். தொடர்ந்து ஓடவிட்டால் எண்ணெய் விட்டுக் களியாகிவிடும். பாதாம் விலை கட்டுப்படியாகாத வீட்டில் நிலக்கடலை அதே வேலையைச் செய்யும், கணக்கிலும் பாதாமை ஒட்டியே வரும். வறுத்துத் தோல் நீக்கி அதே போல் அரைத்தால் போதும். கடலை மணம் சாக்லேட்டோடு சண்டை போடாது. எனக்கு அதுவே கூடுதல் சுவையாகப் படுகிறது. தேங்காய் மாவு வேறு சாதி. பால் பிழிந்த சக்கையைக் காயவைத்து அரைத்தது அது. நார்ச்சத்து மிக அதிகம், தண்ணீரை உறிஞ்சித் தள்ளும். 100 கிராம் பாதாம் மாவுக்குப் பதில் 100 கிராம் தேங்காய் மாவு போட்டால் கிடைப்பது செங்கல். 30 கிராம் போதும், முட்டை கூட ஒன்று வேண்டும்.

சாக்லேட்டில் பார்க்க வேண்டியது சதவீதம். 70 சதவீத சாக்லேட்டில் 100 கிராமுக்குக் கிட்டத்தட்ட 30 கிராம் சர்க்கரை. 85 சதவீதத்தில் அது 15 அளவுக்குக் குறைகிறது. 100 சதவீதம் என்றால் சேர்த்த சர்க்கரையே இல்லை. பொள்ளாச்சித் தென்னந்தோப்புகளில் ஊடுபயிராகக் கொக்கோ விளைகிறது. அந்தப் பக்கத்துக் கொட்டையில் செய்த கடும் சாக்லேட் கிடைத்தால் வாங்கிப் பாருங்கள். காம்பவுண்ட் சாக்லேட்டைத் தொட வேண்டாம். கோகோ பவுடரில் சர்க்கரை இருக்கக் கூடாது. ட்ரிங்கிங் சாக்லேட் தூள் வேறு, அதில் பெரும்பங்கு சர்க்கரைதான். டட்ச் முறைக் கோகோ காரம் சேர்த்துப் புளிப்பு நீக்கியது, நிறம் ஆழமாக வரும். அதற்குச் சமையல் சோடா வேலை செய்யாது, பேக்கிங் பவுடர் வேண்டும்.

ஓவன் பாருக்கு நான் வைத்திருக்கும் அளவு: வெண்ணெய் 120 கிராம், 85 சதவீத சாக்லேட் 100 கிராம், அரைத்த எரித்ரிட்டால் 120 கிராம், முட்டை 3, பாதாம் மாவு 100 கிராம், கோகோ 30 கிராம், பேக்கிங் பவுடர் அரைத் தேக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை, கெட்டி டிகாஷன் ஒரு மேசைக்கரண்டி. டிகாஷனால் காபி வாசம் வராது, சாக்லேட் சுவை தூக்கும். வெண்ணெயையும் சாக்லேட்டையும் வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்து உருக்கி, சூட்டோடு எரித்ரிட்டாலைக் கலந்து, கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் முட்டையை ஒவ்வொன்றாக அடித்துச் சேர்த்து, டிகாஷன் விட்டு, கடைசியில் உலர்ந்தவற்றைப் போடுங்கள். பட்டர் பேப்பர் விரித்த 8 அங்குல டின்னில் 165 டிகிரியில் 20 நிமிடம். நடுவில் லேசாக ஆடும்போதே எடுத்துவிட வேண்டும். மைதாவின் பிசுக்கு இல்லாததால் சூட்டில் வெட்டினால் உதிரும். முழுக்க ஆறி, ஃப்ரிட்ஜில் இரண்டு மணி நேரம் இருந்தபின் 16 துண்டு போடலாம்.

ஃப்ரிட்ஜ் பாருக்கு வறுத்த நிலக்கடலை 200 கிராமை விழுதாக அரைத்து, உருக்கிய தேங்காய் எண்ணெய் 60 கிராம், கோகோ 40 கிராம், இனிப்பில்லாத உலர்தேங்காய்த் தூள் 60 கிராம், உப்பு, ருசிக்கு ஸ்டீவியா சேர்த்து அதே டின்னில் அழுத்துங்கள். மேலே 80 கிராம் சாக்லேட்டை உருக்கி ஊற்றி இறுக விடுங்கள். முட்டை சேர்க்காத வீட்டுக்கும், ஓவன் இல்லாத வீட்டுக்கும் இதுவே வழி. ஓவன் பாரில் முட்டைக்குப் பதில் ஆளி விதை போடலாம் என்பார்கள். மைதா இல்லாத கலவையில் அது சரியாகப் பிடிப்பதில்லை என்பதால் நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஃப்ரிட்ஜ் பாரை டிபன் பாக்ஸில் கொடுத்தனுப்ப முடியாது. தேங்காய் எண்ணெய் 24 டிகிரியிலேயே உருகிவிடும். சென்னை வெயிலில் பள்ளிக்குப் போய்ச் சேரும்போது குழம்பாகியிருக்கும். வெளியே கொண்டுபோக ஓவன் பார், வீட்டில் சாப்பிட ஃப்ரிட்ஜ் பார்.

ஒரு ஓவன் துண்டில் மாவுச்சத்து சுமார் இரண்டரை கிராம், ஃப்ரிட்ஜ் துண்டில் 3 கிராம். மைதாவும் சர்க்கரையும் போட்ட அதே அளவு பிரவுனியில் 20 கிராம் இருக்கும். கலோரிக் கணக்கு இவ்வளவு மகிழ்ச்சி தராது: சாதாரணத் துண்டில் 175 என்றால் இந்த ஓவன் துண்டில் 145, ஃப்ரிட்ஜ் துண்டில் 165. வெண்ணெயும் பாதாமும் கடலையும் சும்மா வருவதில்லை. உடல் எடையைக் குறைக்க இதைச் செய்பவர்கள் இதைத் தெரிந்துகொண்டே செய்ய வேண்டும். எடைக் கட்டுப்பாட்டுக்குச் செயற்கை இனிப்பூட்டிகளையும் ஸ்டீவியாவையும் நம்ப வேண்டாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2023இல் சொன்னது. அந்த அறிவுரை ஏற்கெனவே சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குப் பொருந்தாது, எரித்ரிட்டால் வகையையும் அது சேர்க்கவில்லை.

முதல் தடவை செய்யும்போது வீட்டுப் பெரியவருக்கு ஒரு துண்டு மட்டும், வேறு எதுவும் சேர்க்காமல் கொடுத்து, முன்னும் இரண்டு மணி நேரம் கழித்தும் குளுக்கோமீட்டரில் பாருங்கள். இனிப்பூட்டியின் பிராண்டை மாற்றினால் மறுபடி பாருங்கள். ஃப்ரிட்ஜில் மூடி வைத்தால் இரண்டுமே ஒரு வாரம் நிற்கும். எரித்ரிட்டால் போட்டதை மட்டும் சாப்பிடுவதற்கு அரை மணி முன்பே வெளியே எடுத்து வையுங்கள்.