மறைக்கும் நிறம், காக்கும் நிறம்

நம் மாணவர் பேரவை மலரில் எல்லோரும் கவிதை எழுதும்போது இவன் பெயின்ட் பற்றி எழுதுகிறானே என்று சிரிக்க வேண்டாம். என் அப்பா பெயின்டர். எங்கள் குடும்பத்தில் படிக்க வந்த முதல் ஆள் நான். அவர் கைத்தொழிலும் என் பாடமும் எங்கே சேருகிறது என்று பார்க்க ஆசை.

எடுத்துக்கொண்ட பொருள், தண்ணீர்த் துப்பாக்கி. தோப்பில் ஒளிந்து விளையாடும்போது அதன் ஆரஞ்சும் மஞ்சளுமே ஆளைக் காட்டிக் கொடுத்துவிடும். தெரியாமல் இருக்க என்ன நிறம் அடிக்கலாம்?

கறுப்பு என்போம். பகலில் அது ஆகாது. இலை, மண், மரப்பட்டை எல்லாமே கொஞ்சம் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும். நடுவில் கறுப்பு மட்டும் ஓட்டை மாதிரி தனியாகத் தெரியும். டப்பாவில் வரும் பச்சையும் கண்ணைக் குத்தும். அப்பா சொல்வார்: "மஞ்சள்ல கொஞ்சங் கொஞ்சமா கறுப்பு விடு, பாசிப் பச்சை வரும். பச்சை தூக்கலா இருந்தா ஒரு சொட்டு சிவப்பு ஸ்டெயினர் போடு, அடங்கிடும்." எதிர் நிறங்கள் ஒன்றையொன்று மங்க வைக்கும் என்பது பாடம். வார்த்தைதான் வேறு, விஷயம் ஒன்றே.

மண் நிறமும் நல்லதே. நாம் ஒர்க்‌ஷாப்பில் போடும் காக்கியின் பெயரே 'காக்' என்ற பாரசீகச் சொல்லில் இருந்து வந்தது. அதற்குப் புழுதி என்று பொருள்.

நிறத்தோடு இன்னும் மூன்று கவனிக்க வேண்டும்.

பளபளப்பு: வழவழப்பான பரப்பு வெளிச்சத்தை ஒரே பக்கம் திருப்பி மின்னும். சொரசொரப்பான பரப்பு அதைச் சிதறவிடும். அதனால் மேட் பெயின்ட்தான் சரி.

நிழல்: மேலே வெயில் பட்டு வெளுக்கும், கீழே நிழல் விழும், பொருள் உருண்டு திரண்டு தெரியும். மானும் மீனும் முதுகில் கருத்து, வயிற்றில் வெளுத்து இருப்பது இதைச் சமன் செய்யத்தான் என்று அமெரிக்க ஓவியர் அபட் தேயர் 1896-ல் எழுதினார். துப்பாக்கிக்கும் மேலே அடர்த்தி, கீழே வெளிர்.

உருவம்: ஓரக்கோட்டைத் தாண்டிப் போகும்படி திட்டுத் திட்டாக இரண்டு நிறம் அடித்தால் வடிவம் உடையும்.

அடிக்கும் முறை: சோப்பு போட்டுக் கழுவிக் காயவைத்து, உப்புத்தாள் தேய்த்து, பிளாஸ்டிக்குக்கான ப்ரைமர் கொடுக்கணும். அசையும் பாகங்களில் டேப் ஒட்டணும். பிறகு மெல்லிசாக இரண்டு கோட்டிங்.

இனிதான் முக்கியமான பாடம். அந்தப் பளிச்சென்ற நிறத்தைக் கம்பெனிக்காரன் சும்மா கொடுக்கவில்லை. பொம்மைத் துப்பாக்கியின் முனையில் ஆரஞ்சு நிறம் வேண்டும், அல்லது முழுதும் பளிச்சென்ற நிறத்திலோ கண்ணாடி போலவோ இருக்க வேண்டும் என்ற விதி அமெரிக்காவில் 1989-ல் நடைமுறைக்கு வந்தது. 2014-ல் அந்நாட்டின் கிளீவ்லாந்து நகரப் பூங்காவில், ஆரஞ்சு முனை இல்லாத பொம்மைத் துப்பாக்கி வைத்திருந்த 12 வயதுச் சிறுவனைப் போலீஸ் சுட்டது. பையன் இறந்துபோனான்.

ஆகவே உடம்புக்கு எந்த நிறம் அடித்தாலும் முனையின் ஆரஞ்சைத் தொடாதீர்கள். மங்கலாக்கிய துப்பாக்கியைத் தோப்புக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள். ரோட்டுக்கு எடுத்து வர வேண்டாம். எதை மறைக்கலாம், எதை மறைக்கக் கூடாது என்று தெரிந்த பிறகே பிரஷ்ஷைக் கையில் எடுப்போம்!