மீற்றரும் அடியும்

பழைய மாணவரிற் பலர் அடி, அங்குலம், யார் என்னும் வாய்பாட்டை மனனஞ்செய்து வளர்ந்தவர்கள். 1970களில் மீற்றர் முறை நம் நாட்டிற் புகுந்தபின் கற்றவர்களுக்கோ சென்ரிமீற்றரே கைவந்த அளவு. எனினும், வீடு கட்டும்போது இவ்விரண்டும் ஓரிடத்திற் சந்திக்கின்றன. வரைபடத்தில் மீற்றர் குறிக்கப்பட்டிருக்கும். தச்சரோ அடியிலும் அங்குலத்திலும் கேட்பார். ஆதலின் ஒன்றை மற்றொன்றாகப் பிழையின்றி மாற்ற அறிதல் இரு சாராருக்கும் வேண்டற்பாலது.

இம்மாற்றத்துக்கு அடிப்படை ஓர் எண்ணே. முன்னர் பிரித்தானிய அங்குலமும் அமெரிக்க அங்குலமும் மிகச் சிறிதளவு வேறுபட்டிருந்தன. 1959ஆம் ஆண்டில் அவ்விரு நாடுகளும் வேறு நான்கு நாடுகளும் உடன்பட்டு, ஒரு யார் 0.9144 மீற்றர் என வரையறுத்தன. அதனால் ஓர் அங்குலம் 2.54 சென்ரிமீற்றர்; ஓரடி 30.48 சென்ரிமீற்றர். இவை அண்ணளவானவை அல்ல, திட்டமானவை.

இனி ஓர் உதாரணம் காண்போம். கதவொன்றின் உயரம் 2.10 மீற்றர். மாணவன் ஒருவன் இதனை 0.3048ஆல் வகுத்து 6.89 அடி எனப் பெறுகின்றான். உடனே "6 அடி 8.9 அங்குலம்" என்று எழுதிவிடுகின்றான். இதுவே இக்கணக்கிற் பெரிதும் நேரும் பிழை. 0.89 என்பது அடியின் நூறிற் கூறு 89. அங்குலமோ அடியின் பன்னிரண்டிற் கூறு. ஆகவே 0.89ஐ 12ஆற் பெருக்குதல் வேண்டும். சரியான விடை 6 அடி 10.68 அங்குலம். முன்னைய விடையை நம்பிய தச்சரின் கதவு ஏறத்தாழ ஒன்றேமுக்கால் அங்குலம் குட்டையாகிவிடும்.

இப்பிழைக்கு இடங்கொடாத வழியொன்றுண்டு. முதலில் முழு நீளத்தையும் அங்குலமாக்குக: 210ஐ 2.54ஆல் வகுக்க, 82.68. பின்னர் முழுவெண்ணாகிய 82ஐ 12ஆல் வகுக்க, ஈவு 6 அடி. மீதி 10 அங்குலம். எஞ்சிய 0.68ஐ 8ஆற் பெருக்க, 5.44. எனவே, அளவுநாடாவில் 6 அடி 10 5/8 அங்குலம் எனக் குறிக்கலாம். மட்டந்தட்டுதலை இறுதியிலன்றி இடையிற் செய்தலாகாது. பத்துச் சென்ரிமீற்றர் நான்கங்குலம் என்னும் மனக்கணக்கு விடையைச் சோதிக்க உதவும். மரம் அறுக்க உதவாது. அக்கணக்கின்படி இக்கதவு 7 அடியாகிவிடும்.

கதவு குட்டையானால் நட்டம் மரத்தோடு போய்விடும். வானிலே அவ்வாறன்று. விமானத்தின் உயரம் பல நாடுகளில் அடியிலும், சீனாவில் மீற்றரிலும் கூறப்படும். 1999ஆம் ஆண்டு ஏப்பிரல் 15ஆம் நாள் சங்காய் நகரிலிருந்து புறப்பட்ட சரக்கு விமானமொன்று 1500 மீற்றர் உயரத்துக்கு ஏறும்படி பணிக்கப்பட்டது. அஃது ஏறத்தாழ 4920 அடியாகும். துணைவிமானியோ அதனை 1500 அடி என மயங்கித் தலைவருக்கு உரைத்தார். விமானம் அப்போது 4500 அடியளவில் நின்றது. மிகையாக உயர்ந்துவிட்டோம் என எண்ணிய தலைவர் அதனைச் சடுதியாகக் கீழ்நோக்கிச் செலுத்தவே, அது நிலத்தில் மோதிச் சிதறியது. விமானத்திலிருந்த மூவரும் நிலத்திலிருந்த ஐவரும் மாண்டனர்.

ஆங்கு 1500 என்னும் எண் பிழைக்கவில்லை. அதனோடு சேர்ந்த அலகே பிழைத்தது. ஆதலின் மாணவர்கள் ஒவ்வோர் எண்ணுக்கும் பக்கத்தில் அதன் அலகை எழுதுவாராக. அலகில்லாத விடைக்கு ஆசிரியர் புள்ளி குறைத்தது ஏன் என்பதைப் பழைய மாணவர் இப்போது உணர்வர்.