எண் குறைந்த பிறகு



மாரடைப்பிலிருந்து மீண்ட ஒருவர், ரத்தப் பரிசோதனைச் சீட்டை உன் மேசைமேல் வைத்து, "கொழுப்புதான் குறைந்துவிட்டதே டாக்டர், மாத்திரையை நிறுத்திவிடலாமா?" என்று கேட்டபோது விடை சொல்லத் தயங்கியதாக எழுதியிருந்தாய். அதை நான் குறையாக எண்ணவில்லை. எங்கள் தலைமுறை வைத்தியர்களின் தயக்கம் அதனினும் பெரிது.

கொலஸ்ட்ராலைக் குறைத்தால் மாரடைப்புக் குறையும் என்று ஒருவாறு நம்பியவர்கள்கூட, அதனால் ஆயுள் நீளுமா, அன்றி இருதய நோய்க்குத் தப்பியவர் வேறொரு வியாதிக்கு இரையாவாரா என்ற சந்தேகத்தை விடமுடியாதிருந்த காலம் அது. மார்வலியோ மாரடைப்போ முன்பே கண்ட 4,444 பேரை, டென்மார்க், பின்லாந்து, ஐஸ்லாந்து, நார்வே, ஸ்வீடன் ஆகிய ஐந்து தேசங்களில் திரட்டி, ஒரு பாதியினருக்குச் சிம்வாஸ்டாடினும் மறு பாதியினருக்கு மருந்தற்ற வெறும் மாத்திரையும் கொடுத்து, சுமார் ஐந்தரை வருஷம் பொறுமையோடு கவனித்து, 1994-இல் வெளியிட்ட ஆராய்ச்சிதான் அச்சந்தேகத்தைத் தீர்த்தது. வெறும் மாத்திரை உண்டவர்களில் 256 பேர் மாண்டனர்; மருந்துண்டவர்களில் 182 பேர். பிற வியாதிகளால் நேர்ந்த மரணம் மருந்தினால் கூடவில்லை. அந்த 74 உயிர்களை நான் இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

நோயாளிக்குக் காரணத்தையும் சொல். கல்லீரல் கொலஸ்ட்ராலை உற்பத்தி செய்வதைச் சிம்வாஸ்டாடின் போன்ற ஸ்டாடின் மருந்து தடுக்கிறது. கையிருப்புக் குறைந்த கல்லீரல், தன் உயிரணுக்களின் மேல் ஏற்பிகளைப் பெருக்கிக்கொண்டு, ரத்தத்திலுள்ள எல்.டி.எல். என்னும் கெட்ட கொழுப்பை இழுத்துக்கொள்கிறது. மாத்திரை நின்றால் அந்த வேலையும் நின்று, சில வாரங்களிலேயே பழைய அளவு திரும்பிவிடும். ரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்தவருக்கும் இதே நியாயந்தான். அது ஓரிடத்து அடைப்பைத் திறக்குமேயன்றி, மற்ற இடங்களில் படியும் கொழுப்பைத் தடுக்காது.

மாத்திரையால் தசைவலி என்று வருபவரை மட்டும் அதட்டாதே. மாத்திரையால் உபாதை என்று நிறுத்திய 60 பேரிடம் லண்டனில் நடத்திய சோதனையில், வெறும் மாத்திரையும் ஏறக்குறைய அதே உபாதையைத் தந்தது உண்மை. ஆயினும் மருந்தினாலேயே தசை நலிவோர் சிலர் உண்டு. கேள், பரிசோதி, அளவைக் குறைத்துப் பார், வேறு மருந்துக்கு மாற்று.

அடுத்த முறை அந்தச் சீட்டைக் கையில் வாங்கும்போது, எண் சரியாக இருக்கிறது என்பதோடு நில்லாமல், மாத்திரையினால்தான் சரியாக இருக்கிறது என்பதையும் அவர் முகம் பார்த்துச் சொல்.