கரண்டு போனால் நின்றுவிடுமா? சேர்லிப்ட் வழியே ஓர் ஆற்றல் பாடம்

நிலை ஆற்றல் பற்றிக் கேட்டால் நம் மாணவர்கள் சூத்திரத்தைத் தடுமாறாமல் சொல்லிவிடுவார்கள். மேசைமேல் வைத்த புத்தகம், அணையில் தேங்கிய நீர் என்று இரண்டு எடுத்துக்காட்டுகளும் வரும். ஆனால், "மலைமேல் ஆட்களை ஏற்றிச் செல்லும் கயிற்று இயந்திரத்துக்குப் பாதி வழியில் மின்சாரம் போய்விட்டால் என்ன ஆகும்?" என்று கேட்டுப் பாருங்கள். என் வகுப்பில் ஒவ்வோர் ஆண்டும் கிடைக்கும் விடை ஒன்றுதான்: "நின்னுடும் சார்." மின்விசிறி நிற்கிறது, மாவு மில் நிற்கிறது, வயல் மோட்டார் நிற்கிறது, ஆகவே இதுவும் நிற்கும். மின்சாரம்தான் ஆற்றல், அது போனால் ஆற்றலும் போயிற்று என்ற எண்ணம் இந்த விடைக்குள் ஒளிந்திருக்கிறது. சூத்திரத்தை எத்தனை முறை எழுதச் சொன்னாலும் அந்த எண்ணம் அசைவதில்லை. அதை அசைக்க நான் சில ஆண்டுகளாகப் பயன்படுத்தும் பாடப்பொருள் நம் ஊரில் இல்லாதது: பனிச்சறுக்கு மலைகளில் ஓடும் சேர்லிப்ட்டும், அதில் நேர்ந்த பழுதுகளும்.

முதலில் இயந்திரத்தை அறிமுகப்படுத்த வேண்டும். மலையடிவாரத்தில் ஒன்றும் உச்சியில் ஒன்றுமாக இரண்டு பெரிய கப்பிச் சக்கரங்கள். அவற்றைச் சுற்றி முடிவில்லாமல் ஓடும் எஃகுக் கம்பிவடம். வடத்தில் வரிசையாகத் தொங்கும் நாற்காலிகள். ஒரு சக்கரத்தை மோட்டார் சுழற்றும். அவ்வளவுதான். உலகின் முதல் சேர்லிப்ட் 1936இல் அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்திலுள்ள சன் வேலியில் ஓடத் தொடங்கியது. அதை வடிவமைத்த ஜேம்ஸ் கரன், யூனியன் பசிபிக் ரயில்வேயின் பொறியாளர். கப்பலில் வாழைத்தார்களை ஏற்றும் கம்பிவட இயந்திரத்திலிருந்துதான் அவருக்கு இந்த யோசனை பிறந்தது. தார் தொங்கிய கொக்கியில் நாற்காலியை மாட்டினார். வாழைத்தார் என்றதும் வகுப்பே நிமிர்ந்து உட்காரும். அந்த நிமிடத்தை வீணாக்காமல் அடுத்த செய்திக்குப் போய்விடுவேன்.

2018 மார்ச் 16. காகசஸ் மலைநாடான ஜார்ஜியாவின் குடவுரி பனிச்சறுக்குத் தலத்தில், ஓடிக்கொண்டிருந்த சேர்லிப்ட் நின்றது. பிறகு பின்னோக்கி ஓடத் தொடங்கியது. மேலே போக வேண்டிய நாற்காலிகள் வழக்கத்தைவிட மிகுந்த வேகத்தில் கீழே வந்தன. அடிவாரச் சக்கரத்தைச் சுற்றும்போது ஆட்கள் வீசியெறியப்பட்டார்கள்; நாற்காலிகள் ஒன்றன்மேல் ஒன்றாக மோதிக் குவிந்தன. பலர் காயமடைந்தனர், யாரும் இறக்கவில்லை. அங்கிருந்தவர்கள் கைபேசியில் எடுத்த காட்சி உலகம் முழுவதும் பரவியது. நம் உயர்தொழில்நுட்ப ஆய்வகத்தில் அதன் முதல் சில நொடிகளை மட்டும் காட்டுகிறேன். ஆட்கள் தூக்கியெறியப்படும் பகுதியைக் காட்டுவதில்லை. பாடத்துக்கு அது தேவையும் இல்லை. நாற்காலிகள் திசைமாறி நகரத் தொடங்கும் அந்தக் கணமே போதும். "நின்னுடும்" என்று சொன்ன அத்தனை பேரும் அமைதியாகிவிடுவார்கள்.

ஏன் பின்னோக்கி ஓடியது? இங்கே அவசரப்பட்டு விளக்கம் சொல்ல வேண்டாம் என்று ஆசிரிய நண்பர்களைக் கேட்டுக்கொள்கிறேன். ஒரு துணைக்கேள்வி போதும்: "ஏறும் பக்கத்தில் யார் இருக்கிறார்கள்? இறங்கும் பக்கத்தில் யார் இருக்கிறார்கள்?" ஏறியவர்கள் சறுக்கிக்கொண்டு இறங்கிவிடுவார்கள் என்பதால் இறங்கும் பக்கத்து நாற்காலிகள் காலியாக வரும். பழனி ரோப் காரில் போய்வந்த மாணவர் யாரேனும் இருந்தால், அங்கே இரு பக்கமும் ஆட்கள் இருப்பார்களே என்று ஒப்பிட்டுச் சொல்வார். நாற்காலிகளின் எடை இரு பக்கமும் சமம், ஒன்றையொன்று ஈடுசெய்துகொள்ளும். மிஞ்சுவது ஏறும் பக்கத்து மனிதர்களின் எடை மட்டும்.

அதைக் கரும்பலகையில் கணக்கிடுகிறோம். 300 மீட்டர் உயரம், ஏறும் பக்கம் 50 நாற்காலிகள், ஒவ்வொன்றிலும் 60 கிலோ எடையுள்ள நால்வர் என்று வைத்துக்கொள்வோம். நாற்காலிகள் அடிவாரம் முதல் உச்சி வரை சீராகப் பரவியிருப்பதால் சராசரி உயரம் 150 மீட்டர். புவியீர்ப்பு முடுக்கத்தை 10 என்று கொண்டால், 50 × 240 × 10 × 150 = 1,80,00,000 ஜூல். ஒரு கோடியே எண்பது லட்சம் என்றதும் மாணவர்களுக்கு மலைப்பு. மின்கட்டண அட்டையில் வரும் ஒரு யூனிட் 36 லட்சம் ஜூல் என்று நினைவூட்டி வகுக்கச் சொல்வேன். விடை 5 யூனிட். "இவ்வளவுதானா சார்?" என்று சிரிப்பார்கள். அந்த 5 யூனிட்டும் ஒரே நிமிடத்தில் வெளிப்பட்டால் திறன் என்ன என்பது அடுத்த கணக்கு: 300 கிலோவாட். ஆற்றலுக்கும் திறனுக்கும் உள்ள வேறுபாட்டை விளக்க இதைவிட நல்ல கணக்கு எனக்குக் கிடைக்கவில்லை. மோட்டார் பாடுபட்டு மேலேற்றிய ஆற்றல் மின்சாரத்தோடு போய்விடவில்லை. அந்த மனிதர்களின் உயரத்தில் அப்படியே தங்கியிருக்கிறது.

அப்படியானால் மின்சாரம் போகும்போதெல்லாம் சேர்லிப்ட் பின்னோக்கி ஓட வேண்டுமே என்று ஒரு மாணவராவது கேட்பார். கேட்காவிட்டால் நாம் கேட்க வேண்டும். பாடத்தின் வளமான பகுதி இதுதான். "பிரேக்கைப் பிடிக்க மின்சாரம் வேண்டுமா, விடுவிக்க மின்சாரம் வேண்டுமா?" நம் சைக்கிளில் பிடிப்பதற்குத்தான் விசை கொடுக்கிறோம். சேர்லிப்ட்டில் தலைகீழ். வலுவான சுருள்வில் பிரேக்கை எப்போதும் அழுத்திப் பிடிக்கவே முயலும்; எண்ணெய் அழுத்தம் அதை விலக்கி வைத்திருக்கும். அழுத்தம் போனால் வில் தானாகவே பிடித்துக்கொள்ளும். நிற்பதுதான் அதன் இயல்பு நிலை. நின்றபின் டீசல் இயந்திரத்தைக் கொண்டு மெதுவாக ஓட்டி ஆட்களை இறக்குவார்கள். அதுவும் முடியாதபோது மீட்புக் குழுவினர் வடத்தின்மேல் கயிறு வீசி, ஒவ்வொருவராகக் கீழே இறக்குவார்கள். குளிரில் ஒரு மணிநேரம் தொங்குவது துன்பம்தான். ஆனால் அது இயந்திரம் சரியாகச் செயல்பட்டதன் அடையாளம்.

பிரேக் எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் சுகர்லோஃப் என்ற தலம். 2015 மார்ச் 21 அன்று அங்கே கிங் பைன் என்ற சேர்லிப்ட் சுமார் 460 அடி பின்னோக்கி ஓடியது. ஏழு பேர் காயமடைந்தனர். பழுது கியர்பெட்டியில். இதை மாணவர்களுக்குப் புரியவைக்கச் சைக்கிள் போதும். செயின் அறுந்த சைக்கிளில் பெடலை இறுக்கிப் பிடித்தால் சக்கரம் நிற்குமா? நிற்காது. மோட்டார் பக்கத்துப் பிரேக்கும் அப்படித்தான். இடையிலுள்ள கியர் முறிந்தால் அந்தப் பிரேக்கால் பயனில்லை. இதற்காகவே பெரிய சக்கரத்தை நேரடியாகக் கவ்வும் நெருக்கடிப் பிரேக் தனியாக உண்டு. பின்னோக்கிச் சுழன்றால் விழுந்து தடுக்கும் கொண்டியும் உண்டு. அன்று அந்தக் கொண்டி விழவில்லை. பணியாளர்கள் நெருக்கடிப் பிரேக்கைப் போட்டுத்தான் நிறுத்தினார்கள். கொண்டியின் செயலைக் காட்ட, சைக்கிள் கடையில் கழித்துப்போட்ட பழைய ப்ரீவீல் ஒன்றை வாங்கி வாருங்கள். ஒரு பக்கம் டிக் டிக்கென்று சுற்றும், மறுபக்கம் அசையாது. அட்டையில் பல்சக்கரம் வெட்டச் சொன்னால் பாடவேளை முழுவதையும் அதுவே தின்றுவிடும்.

நிறுத்தினால் போதும் என்றும் சொல்லிவிட முடியாது. கனடாவின் விஸ்லர் மலையில் 1995 டிசம்பர் 23 அன்று குவிக்சில்வர் என்ற சேர்லிப்ட் திடீரென நிறுத்தப்பட்டபோது, வடத்தைப் பிடித்திருந்த கவ்விகள் வழுக்கின; நாற்காலிகள் சறுக்கி மோதி, சில கீழே விழுந்தன. இருவர் உயிரிழந்தனர். நிலைமம் பற்றிய பாடத்துக்கு இதை எடுத்துவைத்துக்கொள்ளலாம். பேருந்து திடீரென நிற்கும் எடுத்துக்காட்டு மாணவர்களுக்கே சலித்துவிட்டது.

மாதிரி செய்வது எளிது. சாய்த்து வைத்த பலகையில் மேலும் கீழும் ஆணியடித்து, நூல்கண்டுக் கட்டைகள் இரண்டை மாட்டி, சணல் கயிற்றைச் சுற்றிக் கட்டி, பத்துக் காகிதக் கோப்பைகளைத் தொங்கவிட வேண்டும். கயிறு கட்டையில் வழுக்கும். சைக்கிள் டியூபில் ஒரு துண்டு வெட்டிக் கட்டைமேல் சுற்றினால் பிடித்துக்கொள்ளும். (உண்மையான சக்கரங்களிலும் ரப்பர் வரிதான் பதித்திருப்பார்கள்.) ஏறும் பக்கத்து ஐந்து கோப்பைகளில் புளியங்கொட்டையை நிரப்பி, மேல் கட்டையை விரலால் பிடித்துக்கொண்டு, பிறகு விரலை எடுக்க வேண்டும். கோப்பைகள் காலியாக இருக்கும்போதும் விரலை எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அசையாது. இந்த இரண்டாவது சோதனையைத் தவிர்த்தால் முதல் சோதனை வேடிக்கையாக முடிந்துவிடும்.

குடவுரி விபத்தை ஆராய்ந்த நிறுவனம் மனிதப் பிழை என்றே முடிவு கூறியது. மாணவர்களிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் விவாதம் அங்கேயே முடிந்துவிடும். "ஆபரேட்டர் தப்பு" என்று எழுதிவிட்டு நோட்டை மூடிவிடுவார்கள். நான் கடைசியில்தான் சொல்கிறேன். சொன்ன பிறகும், ஒருவர் தவறினால் இத்தனை பேருக்கு ஆபத்து வரும்படி ஓர் இயந்திரம் இருக்கலாமா, அவருக்கு அந்த நேரத்தில் என்ன தெரிந்திருக்க வேண்டும் என்று கேட்பேன். நம் மாணவர்களில் பலர் நாளை ஏதோ ஓர் இயந்திரத்தின் முன்னால் நிற்கப்போகிறவர்கள். பள்ளி முடித்து மில்லுக்கும் கிரேனுக்கும் போனவர்களை எனக்குத் தெரியும். "கரண்டு இல்லை, தொட்டால் ஒன்றும் ஆகாது" என்ற நம்பிக்கையோடு அவர்களை அனுப்ப எனக்கு மனமில்லை.

இரண்டு பாடவேளைகள் ஆகும். மதிப்பீட்டுக்குச் சூத்திரம் கேட்பதில்லை. ஒரே ஒரு வினா: "இறங்கும் பக்கத்திலும் எல்லா நாற்காலிகளிலும் ஆட்கள் இருந்து, பிரேக்கும் வேலை செய்யாதபோது மின்சாரம் போனால் என்ன ஆகும்?" சென்ற ஆண்டு ஒரு மாணவி எழுதினாள்: "இரண்டு பக்கமும் எடை சமம் என்பதால் நிற்கும். ஆனால் கீழே வந்து சேர்ந்த நாற்காலியில் இருப்பவர்கள் இறங்கிக்கொண்டால் சமம் கெட்டுவிடும், மறுபடி ஓடும்." முழு மதிப்பெண் கொடுத்தேன். பக்கத்து இருக்கை மாணவன் ஒப்புக்கொள்ளவில்லை. ஒரு நாற்காலி காலியானால் உராய்வே பிடித்து நிறுத்திவிடும் என்றான். மாதிரியை எடுத்துவந்து இரு பக்கமும் கொட்டையை நிரப்பி, இறங்கும் பக்கத்தில் ஒவ்வொரு கோப்பையாகக் காலி செய்து பார்த்தோம். மூன்றாவது கோப்பை காலியானபோதுதான் கயிறு நகர்ந்தது.