தயிர்சாதத்துக்கு ஓர் அபாயப் பகுப்பாய்வு

எங்கள் மருத்துவமனைச் சமையற்கூடத்தில் அடுத்த மாதம் உணவுப் பாதுகாப்புத் தணிக்கை நடைபெறவிருக்கிறது. அதன் முன்னேற்பாடாக, நோயாளிகளுக்கு வழங்கப்படும் ஒவ்வோர் உணவையும் தனித்தனியே எடுத்து அபாயப் பகுப்பாய்வு செய்து வருகிறோம். இது சமையற்கூடத்தாரின் வேலை, நோயாளிகளுக்கும் உடனிருப்போருக்கும் இதில் என்ன இருக்கிறது என்று தோன்றலாம். உணவு தள்ளுவண்டியிலிருந்து இறங்கிய பிறகு அதனைக் காப்பவர் உடனிருப்பவரே. வீட்டிலிருந்து வரும் தூக்குப்பாத்திரமோ எங்கள் பதிவேடுகளில் இடம்பெறுவதே இல்லை. ஆகவே இம்முறையை நீங்களும் கற்றுக்கொள்வது நலம்.

இம்முறை பிறந்த கதை சுவையானது. 1960-களில் அமெரிக்க விண்வெளி வீரர்களுக்கு உணவு தயாரித்தவர்கள் ஓர் இடரை எதிர்கொண்டனர். முடிந்த உணவைச் சோதித்துப் பார்ப்பதால் முழு உறுதி கிட்டாது; சோதித்த பொட்டலம் நன்றாயிருந்தால் சோதிக்காத பொட்டலமும் நன்றாயிருக்கும் என்பதற்கு என்ன உத்தரவாதம்? எனவே தயாரிப்பின் ஒவ்வொரு படியிலும் என்ன தவறு நேரலாம் என்று முன்கூட்டியே கண்டு, அங்கேயே தடுக்கும் முறையை நாசாவும் அமெரிக்க இராணுவத்தின் நாட்டிக் ஆய்வகமும் பில்ஸ்பரி நிறுவனமும் சேர்ந்து வகுத்தன. 'ஹாசப்' என்று இன்று வழங்குவது அதுவே. 1993-இல் பன்னாட்டு உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ் இதற்கான வழிகாட்டுதலை ஏற்றது. இந்தியாவில் 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிலைகள் சட்டமும், தணிக்கைக்கென 2018-இல் வந்த விதிமுறைகளும் நடைமுறையில் உள்ளன.

மருத்துவமனைக்கு இதன் தேவை சற்றுக் கூடுதலானது. 2019-இல் இங்கிலாந்தின் பல மருத்துவமனைகளில் வழங்கப்பட்ட பொதியிட்ட சாண்ட்விச்சுகளின் வழியே லிஸ்டீரியா என்னும் நுண்ணுயிரி பரவியது. நோயாளிகள் சிலர் உயிரிழந்தனர். இந்நுண்ணுயிரி குளிர்சாதனப் பெட்டியிலும் மெல்ல வளரக்கூடியது. நலமுடையோர் பெரும்பாலும் எளிதில் கடந்துவிடும் தொற்று, எதிர்ப்பாற்றல் குன்றியவருக்கு உயிருக்கே உலை வைக்கிறது. ஆகவே 'இதில் என்ன தீங்கு இருக்கிறது' என்ற கேள்வியோடு 'இதனை உண்பவர் யார்' என்ற கேள்வியையும் சேர்த்தே பகுப்பாய்வைத் தொடங்குகிறோம்.

எடுத்துக்காட்டாகத் தயிர்சாதத்தைக் கொள்வோம். உண்பவர், புற்றுநோய்க்கான மருந்தேற்றம் முடிந்து வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் ஒருவர். மருத்துவர் அவருக்குத் தயிரை அனுமதித்திருக்கிறார்.

முதற்படி, அரிசியை வேகவைத்தல். கொதிநிலையில் பெரும்பாலான நுண்ணுயிரிகள் மாண்டுபோகின்றன. ஆயினும் அரிசியில் இயல்பாகவே இருக்கக்கூடிய பேசில்லஸ் சீரியஸ் என்பதன் வித்துகள் கொதித்தாலும் சாவதில்லை. சோறு ஆறும்போது அவை விழித்தெழுகின்றன. 5 முதல் 60 பாகை செல்சியஸ் வரையிலான வெப்பமே நுண்ணுயிரிகளுக்கு உகந்த இடைவெளி. பெரிய அண்டாவில் குவிந்திருக்கும் சோற்றின் நடுப்பகுதி இந்த இடைவெளியில் பல மணி நேரம் தங்கிவிடும். வளர்ந்த நுண்ணுயிரி வெளிவிடும் வாந்தி நஞ்சு வெப்பத்துக்கு அசையாதது. திரும்பச் சூடாக்கினாலும் அழியாது. 'நன்றாகச் சுட வைத்துக் கொடுத்தேன்' என்று உடனிருப்போர் கூறுவதை அடிக்கடி கேட்கிறோம். இந்த ஒரு நஞ்சின் முன் அம்முயற்சி பயனற்றது.

அடுத்த படி, தயிர் கலத்தல். தயிரின் புளிப்பு ஒரு காவல். புளிப்பு மிகுந்த சூழலில் மேற்சொன்ன நுண்ணுயிரி தழைப்பதில்லை. ஆனால் நம் வீடுகளில் கட்டுச்சாதம் பிசையும் வழக்கத்தை நினைத்துப் பாருங்கள். மதியத்துக்குள் புளித்துவிடக் கூடாதென்று, வெதுவெதுப்பான சோற்றில் பாலை நிறைய ஊற்றி, ஒரு கரண்டி தயிர் மட்டும் சேர்க்கிறோம். நாவுக்கு அது இதமே. பகுப்பாய்வின் கண்ணுக்கோ, காவலை விலக்கிவிட்டு, பாலும் சோறும் மிதமான சூடும் ஒருங்கே அமைத்துத் தந்ததாகத் தெரிகிறது. காலை ஏழு மணிக்குப் பிசைந்து, பேருந்தில் வந்து, மதியம் ஒரு மணிக்கு உண்ணப்படும்போது ஆறு மணி நேரம் கழிந்திருக்கும். புளிக்கவில்லை என்பதாலேயே அது கெடவில்லை என்று பொருளாகாது. அன்னையர் தலைமுறையாகச் செய்துவரும் இந்த வழக்கத்தை நாங்கள் குறை கூறவில்லை. நலமுடையவரின் உடல் பெரும்பாலும் அதனைத் தாங்கிக்கொள்ளும்.

மூன்றாவது, தாளிப்பும் மேல்தூவலும். கடுகும் மிளகாயும் எண்ணெயில் பொரிந்தவை, கவலையில்லை. கொத்தமல்லித்தழையும் மாதுளை முத்துகளும் பச்சையாகவே சேர்க்கப்படுகின்றன, அதன்பின் சூடுபடுத்தும் படி ஏதும் இல்லை. ஆதலால் அவற்றைக் கழுவிய நீரும் நறுக்கிய கையும் பலகையும்தாம் கடைசிக் காவல். பச்சைக் காய்கனிகளை அறவே விலக்கினால் தொற்று குறையும் என்பது ஆய்வுகளில் உறுதிப்படவில்லை. தூய்மையாகக் கையாளுவதே முதன்மையானது என்பது எங்கள் கருத்து. எனினும் வெள்ளணு மிகக் குறைந்திருக்கும் நாள்களில் இத்தழைகளைத் தவிர்த்தே வழங்குகிறோம்.

இப்படிப் படிப்படியாகப் பார்த்தபின், எந்தப் படியில் தவறினால் பின்னர் சரிசெய்ய வழியே இல்லையோ அதனை முக்கியக் கட்டுப்பாட்டுப் புள்ளி என்று குறிக்கிறோம். தயிர்சாதத்தில் அது சோற்றை ஆறவைக்கும் படி. அதற்கு எல்லை எண்ணால் அமைய வேண்டும். 'விரைவாக ஆற வைக்கவும்' என்று எழுதினால் தணிக்கையாளர் ஏற்கமாட்டார். சோற்றை அகன்ற தட்டுகளில் மெல்லிதாகப் பரப்பி, 60 பாகையிலிருந்து 21 பாகைக்கு 2 மணி நேரத்துக்குள்ளும், அங்கிருந்து 5 பாகைக்கு அடுத்த 4 மணி நேரத்துக்குள்ளும் கொண்டுவருகிறோம். சூடாகப் பரிமாற வேண்டியவற்றை 65 பாகைக்குக் குறையாமல் வைத்திருக்கிறோம். வெப்பமானியையும் அவ்வப்போது பனிக்கட்டி நீரில் இட்டு, 0 காட்டுகிறதா என்று சரிபார்க்கிறோம். எல்லை மீறினால் உணவைக் கொட்டிவிட்டு, கொட்டியதைப் பதிவேட்டில் எழுதுகிறோம். மாதக்கணக்கில் ஒரு மீறலும் பதிவாகாத ஏட்டைப் பார்த்தால் அனுபவமுள்ள தணிக்கையாளர் புருவத்தை உயர்த்துவார்.

நுண்ணுயிரி அல்லாத தீங்குகளும் உண்டு. பக்கவாதத்தால் விழுங்கும் திறன் குறைந்தவருக்குக் குழைந்த சோற்றில் கிடக்கும் ஒரு முந்திரித் துண்டும் மூச்சுக்குழலை அடைக்கலாம். சிறுநீரக நோயாளிக்குத் தூய்மையான இளநீரும் பொட்டாசியம் மிகுதியால் கேடு செய்யலாம். பாடநூல்களில் பின்னது உணவுப் பாதுகாப்பு என்ற தலைப்பில் வராது. தட்டு மாறிப் போவதும் தீங்கே என்பதால் எங்கள் பட்டியலில் சேர்த்திருக்கிறோம்.

இனி உங்கள் பங்கு. வீட்டிலிருந்து தயிர்சாதம் கொண்டுவர விரும்பினால், முதலில் செவிலியரிடமோ உணவியல் வல்லுநரிடமோ கேளுங்கள். சோற்றை வடித்த சூட்டோடு, வெந்நீரால் முன்பே சூடாக்கிய பிளாஸ்கில் நிரப்புங்கள். தயிரைப் பதப்படுத்திய பாலில் செய்த பாக்கெட்டாக, பிரிக்காமல், குளிர்ச்சியாகக் கொண்டுவந்து உண்ணும் நேரத்தில் கலவுங்கள். எங்கள் தட்டாயினும் உங்கள் பாத்திரமாயினும், வெளியே 2 மணி நேரத்துக்கு மேல் இருந்த உணவை இரவுக்கென எடுத்துவைக்க வேண்டாம். நோயாளி உறங்குகிறார் என்றால் எங்களிடம் சொல்லுங்கள். விழித்தபின் புதிதாக அனுப்புகிறோம். ஊட்டுவதற்கு முன் கைகளைச் சோப்பிட்டுக் கழுவுங்கள். படுக்கையருகே உள்ள சாராயக் கைக்கழுவி வித்துகளைக் கொல்லாது.

உண்டபின் சில மணி நேரத்தில் வாந்தியோ, அன்றோ மறுநாளோ வயிற்றுப்போக்கோ ஏற்பட்டால், மீதமுள்ள உணவை எறிந்துவிடாமல் செவிலியரிடம் ஒப்படையுங்கள். மருந்தேற்றம் பெறுபவருக்கு 100.4 பாகை ஃபாரன்ஹீட் அல்லது அதற்கு மேல் காய்ச்சல் கண்டால், இரவானாலும் பகலானாலும் காத்திராமல் உடனே தெரிவியுங்கள். வீட்டில் இருந்தால் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்து வாருங்கள்.

தணிக்கை நாளன்று அலுவலர் உங்கள் படுக்கையருகேயும் வரக்கூடும். உணவு எத்தனை மணிக்கு வந்தது, சூடாக இருந்ததா, மிஞ்சியதை என்ன செய்தீர்கள் என்று கேட்பார். எங்களுக்காகத் தயங்காமல், நடந்ததை நடந்தபடியே அவரிடம் கூறுங்கள்.